பொதுக் கிளையின் காவல்: அன்றும் இன்றும்

மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு மறுப்பைச் சந்திப்பார்கள். தங்கள் கணினியில் முடித்த வேலையை எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்ச்சில் நேராக ஏற்றப் பார்ப்பார்கள். சர்வர் ஏற்காது. 'இது பாதுகாக்கப்பட்ட கிளை' என்று ஒரு வரி வரும். பக்கத்து இருக்கைக்காரர், "நேரா புஷ் பண்ண முடியாதுப்பா, புல் ரெக்வெஸ்ட் போடு" என்பார். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏன் முடியாது என்று கேட்பவரும் குறைவு, சொல்பவரும் குறைவு. அந்த மறுப்பு ஐம்பது ஆண்டுகளாகப் பலர் பட்ட பாட்டின் பலன். அதைத் தெரிந்துகொண்டவர்கள் அதைத் தடையாக நினைக்கமாட்டார்கள்.

கோடு எழுதுகிறவர்கள் கமிட் செய்யும்போதெல்லாம் யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது பதிவாகிறது. இந்தப் பதிவுகளின் தொடர்தான் வரலாறு. மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய ஒரு விசித்திரமான நிபந்தனையை இன்று நீக்கலாமா என்று தெரியவில்லை என்றால், அதைப் புகுத்திய கமிட்டின் குறிப்பைப் படித்தால் காரணம் கிடைக்கும். ஆயிரம் கமிட்டுகளில் எதில் பிழை புகுந்தது என்று தெரியாவிட்டால், பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் பைசெக்ட் முறையில் சுமார் பத்தே சோதனைகளில் அகப்பட்டுவிடும். வரலாறு முழுமையாகவும் நம்பத்தக்கதாகவும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அன்று இந்த வரலாற்றைக் காத்தது பூட்டு. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை உருவாக்கினார். பத்தாண்டு கழித்து பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி ஆர்சிஎஸ்ஸைத் தந்தார். இரண்டிலும் ஒரு கோப்பைத் திருத்த விரும்புகிறவர் முதலில் அதைப் பூட்டி எடுக்கவேண்டும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. பூட்டியவர் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டால் அவர் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

அதற்கும் ஆர்சிஎஸ் ஒரு வழி வைத்திருந்தது. இன்னொருவர் போட்ட பூட்டை உடைக்கலாம். ஆனால் உடைக்கும்போது, ஏன் உடைக்கிறாய் என்று கருவி கேட்கும். எழுதிக்கொடுக்கும் காரணம் மின்னஞ்சலாகப் பூட்டியவருக்கே போய்ச் சேரும். பிறர் வேலையில் கை வைத்தால் அவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற நாகரிகத்தை அன்றைய கருவியே கட்டாயமாக்கியிருந்தது. இந்தச் சிறு விவரத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த வசதிகளில் இது பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது.

பூட்டு காத்தது நிகழ்காலத்தை மட்டும்தான். கடந்தகாலத்துக்குக் காவல் குறைவு. ஆர்சிஎஸ்ஸில் ஒவ்வொரு கோப்பின் வரலாறும் அதன் பெயரோடு ஒரு காற்புள்ளியும் 'வி' எழுத்தும் சேர்ந்த இன்னொரு கோப்பில் இருந்தது. கடைசிப் பதிப்பு முழுமையாகவும், முந்தைய பதிப்புகள் பின்னோக்கிய வித்தியாசங்களாகவும் அதில் அடங்கியிருந்தன. அது வெறும் எழுத்துக் கோப்பு. அந்த அடைவில் எழுதும் உரிமை உள்ளவர் எடிட்டரில் திறந்து பழைய பதிப்பை மாற்றலாம், அழிக்கலாம். நடந்ததற்கு எந்தத் தடயமும் இருக்காது. வரலாற்றின் காவல் உண்மையில் சிஸ்டம் அட்மின் ஒருவரின் கையில் இருந்தது. அவர் நல்லவராகவும் கவனமானவராகவும் இருக்கும்வரை அது பத்திரம்.

1986இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் சிவிஎஸ்ஸை எழுதினார். அவரும் இரண்டு மாணவர்களும் ஒரே கம்பைலரில் வேலை செய்தார்கள். மூவரும் வெவ்வேறு நேரங்களில் வேலை செய்ததால் பூட்டு ஒத்துவரவில்லை. பலர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்திப் பிறகு இணைக்கலாம் என்ற வழி அங்கே பிறந்தது. திருத்துவதற்கு இருந்த பூட்டு போயிற்று. வரலாறு மட்டும் ஒரே சர்வரில் இருந்தது. பழைய பதிப்புகளை நீக்கும் கட்டளை சிவிஎஸ்ஸிலும் உண்டு. அதை யார் பயன்படுத்தலாம் என்று சர்வரில் ஒரு குழு வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். 2004இல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷன் இன்னும் இறுக்கமானது. அதில் கமிட்டானது கமிட்டானதுதான். கமிட் குறிப்பில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட சர்வரில் அதற்கென ஒரு ஹூக்கை, அதாவது தானாக ஓடும் சிறு நிரலை, நிர்வாகி வைத்தாகவேண்டும்.

சிவிஎஸ், சப்வெர்ஷன் காலத்துப் புரோகிராமர்களுக்கு வரலாற்றைக் காப்பது பற்றித் தனியாகக் கவலை இருந்ததில்லை. கை வைக்க முடியாத இடத்தில் அது இருந்தது. பயம் வேறு இடத்தில் இருந்தது. சர்வரின் டிஸ்க் போனால், காப்பு நகலும் பழையதாக இருந்தால், எல்லாமே போயிற்று. ஒவ்வொருவர் கணினியிலும் இருந்தது கோப்புகளின் இன்றைய நிலை மட்டும்தான்.

இன்னொரு ஆபத்து 2003 நவம்பரில் வெளிப்பட்டது. அப்போது லினக்ஸ் கெர்னலின் மூல வரலாறு பிட்கீப்பர் என்ற கருவியில் இருந்தது. அதை விரும்பாதவர்களுக்காக ஒரு சிவிஎஸ் நகலும் தனி சர்வரில் வைக்கப்பட்டிருந்தது. அந்த நகலுக்குள் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பார்வைக்கு அது ஒரு சாதாரணச் சோதனை: இன்ன இரண்டு விருப்பங்கள் சேர்ந்து வந்து, பயனரின் எண் பூஜ்யமாகவும் இருந்தால் பிழை என்று சொல். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறிகள் போடவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, மதிப்பையே மாற்றிவிடும். அந்த விருப்பங்களோடு அழைக்கிறவர் யாராக இருந்தாலும் பூஜ்யம் என்ற எண்ணை, அதாவது ரூட் அதிகாரத்தைப் பெற்றுவிடுவார். பிட்கீப்பரில் இருந்த மூலத்தோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதை அதைப் பராமரித்தவர்கள் கண்டுபிடித்ததால் அந்தப் பின்கதவு மூடப்பட்டது. ஒப்பிட இன்னொரு பதிவு இருந்ததால் தப்பித்தார்கள். சிவிஎஸ் மட்டும் தனியாக இருந்திருந்தால், அந்த இரண்டு வரிகளை அது தன்னளவில் காட்டிக்கொடுத்திருக்காது.

2005 ஏப்ரலில் நிலைமை தலைகீழாக மாறியது. பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி லினக்ஸ் குழுவுக்கு இல்லாமல் போகவே, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே கிட் என்ற புதிய கருவியை எழுதத் தொடங்கினார். சில நாள்களில், ஏப்ரல் 7 அன்று, கிட்டின் சொந்த வரலாறு கிட்டிலேயே பதிவாகத் தொடங்கியது.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்தில் ஒரு பெயர் உண்டு. அதன் உள்ளடக்கத்தையும், குறிப்பையும், அதற்கு முந்தைய கமிட்டின் பெயரையும் சேர்த்துக் கணக்கிட்டு அந்தப் பெயர் உருவாகிறது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய கமிட் ஒன்றில் ஒரு எழுத்தை மாற்றினால் அதன் பெயர் மாறும். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கமிட்டின் பெயரும் வரிசையாக மாறும். யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்து திருத்த முடியாது. அதோடு, குளோன் செய்கிற ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடுகிறது. 2011 ஆகஸ்டில் லினக்ஸ் கெர்னலின் முதன்மை சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்தபோது, கெர்னல் கோடு பற்றி அதன் பொறுப்பாளர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்க முடிந்ததற்கு இதுதான் காரணம். ஆயிரக்கணக்கான கணினிகளில் அதே வரலாறு இருந்தது. ஒரு கோப்பு மாறியிருந்தாலும் அடுத்த முறை யாராவது இணைக்கும்போது அகப்பட்டிருக்கும்.

அப்படியென்றால் இன்று எதற்குக் காவல்? கிட் ஒரு கையால் பூட்டியதை இன்னொரு கையால் திறந்தும் விட்டது. கமிட்டுகளின் தொடர் உறுதியானது. ஆனால் 'மெயின்' என்ற கிளை அந்தத் தொடரின் நுனியைக் காட்டும் ஒரு குறி மட்டுமே. டிஸ்க்கில் அது 40 எழுத்தும் ஒரு வரிமுறிவும் கொண்ட 41 பைட் கோப்பாக இருக்கும். அந்த 41 பைட்டை வேறு ஒரு தொடரின் நுனிக்கு நகர்த்திவிட்டால், பழைய தொடர் அழியாமலே எல்லோர் பார்வையிலிருந்தும் மறைந்துபோகும். ஃபோர்ஸ் புஷ் செய்வது அதைத்தான்.

கவிதா, செந்தில் என்று ஒரே அணியில் இருவரை வைத்துக்கொள்வோம். காலையில் இருவரும் மெயினை எடுக்கிறார்கள். செந்தில் கட்டணப் பக்கத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தி பதினொரு மணிக்கு ஏற்றிவிடுகிறார். கவிதா நேற்று தான் ஏற்றிய இரண்டு கமிட்டுகளின் குறிப்பு நன்றாக இல்லை என்று நினைத்து, ரீபேஸ் செய்து இரண்டையும் ஒன்றாக்குகிறார். புஷ் செய்கிறார். 'உங்களிடம் இல்லாத வேலை சர்வரில் இருக்கிறது' என்று கிட் மறுக்கிறது. ரீபேஸ் செய்தால் இப்படித்தான் வரும் என்று அவருக்கு எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஃபோர்ஸ் போடுகிறார். ஏறிவிடுகிறது.

இப்போது மெயினில் செந்திலின் திருத்தம் இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சோதனைகள் எல்லாம் பச்சையாக ஓடுகின்றன. மாலையில் புதிதாக எடுத்து வெளியிடுகிறவருக்கு அப்படி ஒரு திருத்தம் இருந்ததே தெரியாது. செந்தில் மறுநாள் ஃபெட்ச் செய்யும்போது திரையில் ஒரு கூட்டல் குறியும் 'ஃபோர்ஸ்டு அப்டேட்' என்ற அடைப்புக்குறிச் சொல்லும் வரும். கவனித்தால் உண்டு. கவனிக்காமல் இரண்டையும் மெர்ஜ் செய்துவிட்டால் கவிதா ஒன்றாக்கிய கமிட்டும் அதன் பழைய இரண்டு கமிட்டுகளும் சேர்ந்தே வரலாற்றில் ஏறிக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு செய்த துப்புரவு, ஒருவர் வேலையை மறைத்து, வரலாற்றை இரட்டிப்பாக்கி, ஒரு பிழையை மறுபடி வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

இது கற்பனை உதாரணம். இதைவிடப் பெரியது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற புகழ்பெற்ற திறமூலத் திட்டத்தில், பங்களிப்பாளர் ஒருவரிடம் இருந்த பழைய நகல்கள் தவறுதலாக 180-க்கும் மேற்பட்ட ரெப்போக்களின்மேல், அதாவது கோடும் வரலாறும் இருக்கும் களஞ்சியங்களின்மேல், ஃபோர்ஸ் புஷ் ஆகிவிட்டன. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த ரெப்போக்கள் இருந்த கிட்ஹப் தளத்தின் உதவியோடு ஒவ்வொரு கிளையும் முன்பு எந்தக் கமிட்டில் நின்றது என்று தேடியெடுத்து அந்தக் குழு மீட்டது. பழைய கமிட்டுகள் சர்வரில் இன்னும் இருந்ததால் மீட்க முடிந்தது. பழைய கமிட்டுகள் இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் கால எல்லை உண்டு. ஒருவர் கணினியில் கிளை நகர்ந்த தடங்களை ரெஃப்லாக் வைத்திருக்கும். இயல்பான அமைப்பில் அது 90 நாள், தொடரிலிருந்து அறுந்துபோனவற்றுக்கு 30 நாள். சர்வரில் வைக்கும் வெற்று ரெப்போவிலோ ரெஃப்லாக் இயல்பாக இயங்குவதே இல்லை.

இந்த அனுபவங்களிலிருந்துதான் இன்றைய காவல் வளர்ந்தது. முதலில் கிட்டின் இயல்பே மாற்றப்பட்டது. முன்பெல்லாம் கிளையின் பெயர் சொல்லாமல் புஷ் செய்தால், உங்கள் கிளைகளில் எவற்றின் பெயர் சர்வரிலும் இருக்கிறதோ அவை எல்லாம் சேர்ந்து போகும். அதில் ஃபோர்ஸையும் சேர்த்தால் நீங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத கிளைகளும் பின்னுக்குத் தள்ளப்படும். 2014இல் வந்த கிட் 2.0, இப்போது நிற்கும் கிளையை மட்டும் அனுப்பு என்று அதை மாற்றியது. அதற்குச் சற்று முன், 2013 இறுதியில், 'ஃபோர்ஸ் வித் லீஸ்' வந்தது. நான் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே சர்வரின் கிளை இன்னும் நின்றால் மட்டும் மாற்று, நடுவில் வேறு யாராவது ஏற்றியிருந்தால் நிறுத்து என்பது அதன் பொருள். கவிதா இதைப் போட்டிருந்தால் செந்திலின் திருத்தம் தப்பியிருக்கும்.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. இன்றைய எடிட்டர்கள் பல, நாம் கேட்காமலே பின்னணியில் ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும். அப்போது 'நான் கடைசியாகப் பார்த்த இடம்' நாம் பார்க்காமலே நகர்ந்துவிடும், லீஸும் ஏமாந்துவிடும். 2020 இறுதியில் வந்த 2.30 பதிப்பு, அப்படிப் பின்னணியில் வந்தது உண்மையிலேயே உங்கள் வேலைக்குள் சேர்ந்ததா என்று பார்க்கும் இன்னொரு விருப்பத்தையும் தந்தது.

எவ்வளவு நல்ல விருப்பமாக இருந்தாலும், தட்டச்சு செய்கிறவர் நினைவில் வைத்திருந்தால்தான் பயன். ஆகவே காவல் சர்வருக்குப் போனது. கிட்ஹப் 2015இல் பாதுகாக்கப்பட்ட கிளைகளை அறிமுகம் செய்தது. ஃபோர்ஸ் புஷ் கூடாது, கிளையை நீக்கக்கூடாது, சோதனைகள் தேறாமல் மெர்ஜ் ஆகக்கூடாது என்று விதிக்கலாம். அதுபோன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் திட்டம் தொடங்கும்போதே அதன் முதன்மைக் கிளை பாதுகாப்பில் இருக்கும். இன்று பெரும்பாலான அணிகளில் வேலை தனிக் கிளையில் நடக்கிறது. புல் ரெக்வெஸ்ட்டில் குறைந்தது ஒருவர் படிக்கிறார், தானியங்கிச் சோதனை ஓடுகிறது, பிறகு மெர்ஜ் ஆகிறது. தவறான மாற்றம் மெயினுக்குள் போய்விட்டால் அதைத் தோண்டி எடுப்பதில்லை. அதை எதிர்மாற்றும் புதிய கமிட் ஒன்றை ரிவர்ட் மூலம் சேர்க்கிறார்கள். சொத்துப் பத்திரத்தில் சர்வே எண் தவறாகப் பதிவாகிவிட்டால் பதிவேட்டின் பக்கத்தைக் கிழிக்கமாட்டார்கள், பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்வார்கள். அதே நியாயம்தான் இங்கும்.

இந்தக் காவல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிட்ஹப்பில் பொதுவான ரெப்போக்களுக்கு இது இலவசம். தனிப்பட்ட ரெப்போக்களுக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். கல்லூரி மாணவர் குழுக்களும் சிறு நிறுவனங்களும் தனிப்பட்ட ரெப்போவை இலவசத் திட்டத்தில் வைத்துக்கொண்டு, கிட்ஹப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தால் அது வீண் நம்பிக்கை. இவர்களுக்கும் வழி இருக்கிறது. கிட்லேப்பின் இலவசத் திட்டத்தில் தனிப்பட்ட ரெப்போவுக்கும் கிளைப் பாதுகாப்பு உண்டு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள், பின்னோக்கி நகரும் புஷ்ஷை மறுக்கும் அமைப்பை ஒரே வரியில் இயக்கலாம். பலர் பகிரும் ரெப்போ என்று சொல்லி 'ஷேர்டு' விருப்பத்தோடு தொடங்கினால் கிட் தானாகவே அதை இயக்கிவிடும். பல ஆண்டுகளாகக் கிட்டிலேயே இருக்கும் இந்த வசதியைப் பலர் தெரிந்துவைத்திருப்பதில்லை.

இவ்வளவு சொன்னபின், வரலாற்றைத் திருத்துவதே குற்றம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் தவறாகிவிடும். தன் கணினியில் இருக்கிற, இன்னும் யாருக்கும் காட்டாத கமிட்டுகளை ரீபேஸ் செய்வது நல்ல பழக்கம். 'ட்ரை', 'மறுபடி ட்ரை', 'இப்போ சரி' என்று கிடக்கும் ஏழெட்டு கமிட்டுகளைப் படிக்கத்தக்க இரண்டாக ஆக்கித் தருவது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை. கிட்டைப் பராமரிக்கும் குழுவே இதற்கு நல்ல முன்மாதிரி. அவர்களுடைய 'மாஸ்டர்' கிளை பின்னோக்கிப் போகாது. 'சீன்' என்ற கிளை அடிக்கடி முழுதாக மீண்டும் கட்டப்படும், 'நெக்ஸ்ட்' வெளியீட்டுக்குப் பின் மீண்டும் தொடங்கப்படலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். லினக்ஸில் 'லினக்ஸ் நெக்ஸ்ட்' வேலைநாள்தோறும் புதிதாகத் தொகுக்கப்படுகிறது. அதன்மேல் யாரும் வேலையைக் கட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிளை மாறும், எந்தக் கிளை மாறாது என்று முன்பே அறிவித்துவிட்டால் யாரும் ஏமாறுவதில்லை. ஆர்சிஎஸ் அன்று பூட்டு உடைத்தவரிடம் கேட்டு வாங்கிய அந்த அறிவிப்பு இப்போது அணிகளின் நடைமுறையாகத் திரும்பி வந்திருக்கிறது.

பொது வரலாற்றையே மாற்றவேண்டிய நேரமும் வரும். கடவுச்சொல்லோ, கட்டணச் சேவையின் சாவியோ கமிட்டில் ஏறிவிட்டால் பலரும் பதறிப்போய் முதலில் ஃபோர்ஸ் புஷ்தான் செய்கிறார்கள். முதலில் செய்யவேண்டியது அந்தச் சாவியைச் செல்லாததாக்குவது. வரலாற்றிலிருந்து எடுத்தாலும், ஏற்கெனவே குளோன் செய்தவர்களிடம் அது இருக்கும். சாவியை மாற்றியபின், நீக்கத்தான் வேண்டும் என்று அணி முடிவு செய்தால், ஒரு நேரத்தைக் குறித்து, எல்லோரையும் வேலையை ஏற்றிவிட்டு நிற்கச் சொல்லி, ஃபில்டர் ரெப்போ போன்ற கருவியால் மாற்றவேண்டும். பிறகு அனைவரும் புதிதாகக் குளோன் செய்யவேண்டும். ஒருவர் தவறினாலும் அவருடைய பழைய நகல் நீக்கியதை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடும்.

அன்று வரலாறு பத்திரமாக இருந்ததற்கு அது எட்டாத இடத்தில் இருந்தது காரணம். இன்று அது எல்லோர் கையிலும் இருக்கிறது. சர்வர் தீக்கிரையானாலும் மீட்டெடுக்கலாம், யாராலும் ரகசியமாகத் திருத்த முடியாது. இது மிகப் பெரிய லாபம். கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் ஒரு தவறான கட்டளை போதும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. அந்த விலையைக் குறைக்கத்தான் சர்வர் விதிகள் வந்தன.

ஆனால் விதியை மட்டும் வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விடுகிற அணிகளைப் பார்க்கையில் எனக்குக் கவலையாக இருக்கிறது. அட்மின் உரிமை கிடைத்த அன்றே பாதுகாப்பைத் 'தற்காலிகமாக' எடுத்துவிட்டு ஃபோர்ஸ் போடுகிறவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சோதனை ரெப்போவில் கவிதா–செந்தில் கதையை நடத்திக் காட்டுங்கள். காணாமல் போன கமிட்டை ரெஃப்லாக்கிலிருந்து அவர்களே மீட்கட்டும். அரை மணி நேர வேலை. அதன்பின் சர்வர் மறுக்கும்போது அவர்களுக்கு எரிச்சல் வராது.

கமிட்டை எழுதியவர் நீங்களாக இருக்கலாம். ஆனால் அதன்மேல் இன்னொருவர் தன் வேலையைக் கட்டத் தொடங்கிய கணத்திலிருந்து அது அவருக்கும் சொந்தம். உங்களிடம் மட்டும் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதுங்கள். பிறர் கைக்குப் போனபின் சேர்க்க மட்டும் செய்யுங்கள்.